வாயில் ஆறாத வீக்கம், லிம்ஃபோமா சந்தேகம்: எந்த பயாப்சிக்குச் சரி சொல்வது?

அண்ணத்தில் மெத்தென்று ஒரு வீக்கம். வலி கிடையாது, பல்செட் மாட்டும்போது மட்டும் இடிக்கிறது. ஒரு டாக்டர் ஊசி விட்டு உறிஞ்சிப் பார்த்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி எடுப்போம் என்கிறார், மூன்றாமவர் மொத்தத்தையும் வெட்டி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறார், இதற்கு நடுவில் எல்லாம் பல் வேரில் இருக்கிற சீழ்தான், மாத்திரை போட்டுப் பாருங்கள் என்று நான்காவதாக ஒரு கருத்து. யார் சொல்வதைக் கேட்பது என்று தவிக்கிறவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

நான் கத்தி பிடிக்கிற ஆள் இல்லை. வெட்டி அனுப்பியதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பெயர் சொல்கிற ஆள். அதனால் என் பார்வை கொஞ்சம் ஒருதலையாகத்தான் இருக்கும்: எனக்குத் திசு வேண்டும், போதுமான அளவு வேண்டும், நசுங்காமல் வேண்டும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

## லிம்ஃபோமா ஏன் தனிக் கணக்கு

வாயில் வரும் புற்றுநோய்களில் பத்துக்கு ஒன்பது, மேல்தோல் செல்களில் தொடங்கும் செதிள் செல் புற்றுநோய். லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. ஆகவே வாய் பயாப்சி, அதாவது சோதனைக்குத் திசு எடுப்பது, என்றாலே டாக்டர்களின் கை பழகியிருப்பது அந்தப் பெரும்பான்மை நோய்க்கு: புண்ணின் ஓரத்தில், நல்ல தோலும் கெட்ட தோலும் சேரும் இடத்தில், ஒரு சின்னத் துண்டு. செதிள் செல் புற்றுநோய்க்கு அது அருமையான முறை. லிம்ஃபோமாவுக்கு அப்படியில்லை, ஏனென்றால் அது மேல்தோலில் உட்காருவதில்லை. தோலுக்குக் கீழே, பல சமயம் கொழுப்பும் தசையும் உமிழ்நீர்ச் சுரப்பியும் இருக்கிற ஆழத்தில் படர்ந்திருக்கும், மேலே தோல் பளபளவென்று ஒழுங்காகவே இருக்கும்.

இன்னொரு பெரிய வித்தியாசம், லிம்ஃபோமாவை வெட்டி எடுத்துக் குணப்படுத்துவதில்லை. மருந்தும் கதிர்வீச்சும்தான் சிகிச்சை. அறுவை சிகிச்சைக்கு இங்கே இருக்கிற ஒரே பெரிய வேலை நோயின் பெயரைச் சரியாகக் கண்டுபிடிக்கத் திசு எடுத்துக் கொடுப்பது. லிம்ஃபோமா என்று பெயர் சொன்னால் மட்டும் போதாது, எந்த லிம்ஃபோமா என்று சொல்லியாக வேண்டும், வகை மாறினால் மருந்தே மாறிவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

ஐந்து கேள்விகள். ஆழத்துக்குப் போகிறதா? செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்கிற அமைப்பு கெடாமல் வருகிறதா? கூடுதல் சோதனைகளுக்குத் திசு மிஞ்சுமா? பின்னால் வரும் சிகிச்சைக்கு ஏதாவது இடைஞ்சல் செய்துவிடுமா? கடைசியாக, மொத்தம் எத்தனை நாள் ஆகும்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஊசிச் சோதனைக்கு மறுநாளே ரிசல்ட் வந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த ரிசல்ட் "போதுமானதாக இல்லை, திரும்ப எடுக்கவும்" என்று வந்தால் அந்த வேகத்தால் என்ன பயன்? மறுபடி அப்பாயின்ட்மென்ட், மறுபடி மரத்துப்போகிற ஊசி, மறுபடி காத்திருப்பு. கணக்கைப் பெயர் கிடைக்கிற நாள் வரைக்கும் போட வேண்டும்.

| வழி | ஆழம் | செல் அமைப்பு | கூடுதல் சோதனைக்குத் திசு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| மாத்திரை போட்டுக் காத்திருத்தல் | இல்லை | இல்லை | இல்லை | தெளிவான காரணம் தெரிகிற புண், இரண்டு வாரம் மட்டும் |
| பிரஷ் வைத்துச் சுரண்டல் | மேலோட்டம் | தெரியாது | கிடையாது | லிம்ஃபோமாவுக்கு எப்போதும் இல்லை |
| மெல்லிய ஊசி (எஃப்.என்.ஏ.சி.) | போகும் | தெரியாது | கொஞ்சம் | கழுத்து நெறிக்கட்டிக்கு முதல் படியாக |
| தடித்த ஊசி (கோர்) | போகும் | பாதி தெரியும் | ஓரளவு | கத்தி எட்டாத இடம், உமிழ்நீர்ச் சுரப்பி |
| துண்டு எடுத்தல் | எடுப்பவர் கையில் | தெரியும் | இருக்கும் | வாய்க்குள் பெரும்பாலான கேஸ்கள் |
| முழுவதும் எடுத்தல் | போகும் | முழுதாகத் தெரியும் | தாராளம் | சின்ன, நகரும் கட்டி. கழுத்து நெறிக்கட்டி |

## மாத்திரை போட்டுப் பார்ப்போம்

இதைச் சொல்கிற டாக்டரை உடனே திட்ட வேண்டாம். வாயில் வீக்கம் என்று வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பல் சீழ்தான் காரணம். ஒரு கூர்மையான பல் கன்னத்தைக் கிழிக்கிறது, அதைத் தேய்த்துவிட்டு இரண்டு வாரம் பார்ப்பதில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறவில்லை என்றால் அது அடுத்த படிக்குப் போக வேண்டிய புண், மூன்றாவது ஆன்டிபயாட்டிக்குக்குப் போக வேண்டிய புண் இல்லை.

லிம்ஃபோமா பல் வியாதி மாதிரி வேஷம் போடுவதில் கெட்டிக்காரன். ஈறு வீங்குகிறது, பல் ஆடுகிறது, எக்ஸ்ரேயில் பல் வேரைச் சுற்றி இருக்கிற மெல்லிய கோடு அகலமாகத் தெரிகிறது, ரூட் கெனால் செய்கிறார்கள், சரியாகவில்லை, பல்லைப் பிடுங்குகிறார்கள், பிடுங்கிய குழியிலிருந்து சதை வளர்ந்து வெளியே வருகிறது. இந்த வரிசை எனக்கு வருகிற படிவங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிற கதை. பல் உயிரோடு இருக்கிறது, சோதித்துப் பார்த்தால் உணர்ச்சியும் இருக்கிறது, ஆனாலும் வீக்கம் என்றால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று: கீழுதட்டிலும் முகவாயிலும் காரணமே இல்லாமல் ஒரு பக்கம் மரத்துப்போவது. பல் பிடுங்கவில்லை, அடிபடவில்லை, ஆனால் மரத்திருக்கிறது என்றால் தாடை எலும்புக்குள் நரம்பை ஏதோ அழுத்துகிறது. அந்த ஆளுக்குக் காத்திருப்பு என்கிற வழியே கிடையாது.

மறைந்திருக்கிற செலவு ஒன்று உண்டு, அது ஸ்டீராய்டு. "வீக்கம் வற்றட்டும்" என்று சில நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது சகஜம். லிம்ஃபோமா செல்கள் ஸ்டீராய்டுக்குச் சட்டென்று கரைகிறவை. வீக்கம் வற்றும், நோயாளிக்குச் சந்தோஷம், டாக்டருக்கும் நிம்மதி. அதற்குப் பிறகு எடுத்த பயாப்சியில் எனக்குத் தெரிவது செத்த செல்களும், அதைத் தின்கிற செல்களும்தான். நோய் சில வாரத்தில் திரும்பி வரும், பெயர் தெரியாமலே. ஆன்டிபயாட்டிக் நாளை வீணாக்கும், அவ்வளவுதான், ஸ்டீராய்டு சாட்சியையே அழித்துவிடும். லிம்ஃபோமாவாக இருக்கலாம் என்று யாருக்காவது லேசாகத் தோன்றினால்கூட பயாப்சி முடியும் வரை ஸ்டீராய்டு வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், மூச்சடைக்கிற மாதிரி அவசரம் இருந்தால் தவிர. ஏற்கெனவே வேறு வியாதிக்காக எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

## பிரஷ் வைத்துச் சுரண்டுவது

மேல்தோலை மட்டும் சுரண்டும். நோய் கீழே இருக்கிறது. "புற்றுநோய் செல்கள் இல்லை" என்று வந்தால் சுரண்டிய இடத்தில் இல்லை என்றுதான் அர்த்தம். அடுத்து.

## மெல்லிய ஊசி

எஃப்.என்.ஏ.சி.யின் நல்ல குணங்கள் எல்லாம் உண்மை: தையல் இல்லை, ரத்தம் இல்லை, சீக்கிரம். ஆனால் ஊசியில் வருவது உதிரிச் செல்கள். ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்கிற வகையைப் பெயர் சொல்ல, செல்கள் உருண்டை உருண்டையாகக் கூடியிருக்கிற அமைப்பைப் பார்க்க வேண்டும். உதிர்த்துப் போட்ட செல்லில் அந்த உருண்டை ஏது? மெதுவாக வளரும் சின்னச் செல் லிம்ஃபோமாக்கள் ஊசியில் சாதாரண அழற்சி மாதிரியே தெரியும். அண்ணத்தில் நிணத்திசு சும்மா பெருத்து வீங்குகிற ஒரு தீங்கற்ற நிலையும் உண்டு, அதையும் ஃபாலிகுலர் லிம்ஃபோமாவையும் ஊசியை வைத்துப் பிரிக்கப் போனால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே வாய்க்குள் இருக்கிற, கத்தி எட்டுகிற வீக்கத்துக்கு முதல் சோதனையாக மெல்லிய ஊசியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். "நெகட்டிவ்" என்று வந்த ஊசி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக மாதக்கணக்கில் இருந்துவிடுவதுதான் இதன் நிஜமான ஆபத்து.

கழுத்தில் நெறி கட்டியிருந்தால் கதை தலைகீழ். அங்கே மெல்லிய ஊசிதான் முதல் படி. காரணம், அந்தக் கட்டி வாய் அல்லது தொண்டையில் ஒளிந்திருக்கிற செதிள் செல் புற்றுநோய் பரவியதாகவும் இருக்கலாம். அது தெரியாமல் கழுத்தைத் திறந்து கட்டியை உருவிவிட்டால் பின்னால் செய்ய வேண்டிய பெரிய அறுவை சிகிச்சையின் தளமே குழம்பிவிடும். ஊசியில் செதிள் செல் என்று வந்தால் ஒரு வழி, நிணச் செல்கள் மட்டும்தான் என்று வந்தால் அப்போது முழு நெறிக்கட்டியை எடுக்கலாம். ஊசியில் உறிஞ்சியதில் கொஞ்சத்தை, உயிருள்ள செல்களை ஒவ்வொன்றாக மெஷினில் ஓடவிட்டு வகை பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்பினால் இன்னும் உபயோகம்.

## தடித்த ஊசி

மெழுகுவர்த்தித் திரி தடிமனில் நீளமான இழைகள் வரும். அமைப்பு ஓரளவு தெரியும், செல்லின் மேலுள்ள அடையாளப் புரதங்களைக் காட்டும் சாயச் சோதனைகளும் செய்யலாம். காதுக்கு முன்னால் இருக்கிற பரோட்டிட் சுரப்பி, தாடைக்குக் கீழ் இருக்கிற சுரப்பி, ஆழத்தில் இருக்கிற நெறிக்கட்டி, மயக்க மருந்து தாங்காத வயதான உடம்பு, இங்கெல்லாம் அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே எடுக்கிற கோர் பயாப்சி நல்ல வழி. ஒரே இழையோடு நிறுத்திவிடாமல் பல இழை எடுக்கச் சொல்லுங்கள். வாய்க்குள்ளேயே என்றால் இதற்கு அவ்வளவாக அவசியம் வராது.

## துண்டு எடுத்தல்

பெரும்பாலானவர்களுக்கு என் பதில் இதுதான். ஆனால் எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, "பயாப்சி எடுத்தாகிவிட்டது" என்கிற ஒரு வாக்கியத்துக்குள் மிக நல்லதும் உண்டு, ஒன்றுக்கும் உதவாததும் உண்டு.

என் மேஜைக்கு வருகிற மோசமான துண்டு எப்படி இருக்கும் தெரியுமா? அரிசி அளவு. மேலே நல்ல தோல், அதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. அந்தக் கடைசி ஓரத்தில் நீலமாக இழுபட்ட கோடுகள், மை ஈரமாக இருக்கும்போது விரலால் தேய்த்த எழுத்து மாதிரி. அந்தக் கோடுகள்தான் செல்கள். நிணச் செல்கள் ரொம்ப மென்மையானவை, இடுக்கியால் ஒரு தடவை இறுக்கிப் பிடித்தாலே உட்கரு நசுங்கி நீண்டு இழைகளாகிவிடும். அந்த இழைக்குள் லிம்ஃபோமா இருக்கிறதா, சாதாரண அழற்சியா என்று யாராலும் சொல்ல முடியாது. லேசர் அல்லது மின்கத்தி வைத்து வெட்டினால் ஓரம் வெந்து போயிருக்கும், சின்னத் துண்டில் ஓரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?

நல்ல துண்டு என்றால், சாதாரணக் கத்தி அல்லது ஐந்தாறு மில்லிமீட்டர் பஞ்ச் என்கிற வட்டக் கத்தி, தோலைத் தாண்டி வீக்கத்தின் உடம்புக்குள்ளேயே இறங்க வேண்டும். மரத்துப்போகிற ஊசியை வீக்கத்துக்குள் போடாமல் சற்றுத் தள்ளிப் போட வேண்டும். இடுக்கிக்குப் பதிலாக ஒரு தையல் நூலை மாட்டித் தூக்கினால் நசுங்காது. புண்ணாக இருந்தால் நடுவிலிருக்கிற வெள்ளைச் சவ்வு வெறும் செத்த திசு, அதை எடுத்து அனுப்பிப் பயனில்லை. ஒரு துண்டு போதும் என்று நினைக்காமல் இரண்டு இடத்திலிருந்து எடுப்பது நல்லது.

இதன் பக்கச் செலவுகளையும் சொல்ல வேண்டும். அண்ணத்தில் பின்பக்கம் ஒரு நல்ல ரத்தக்குழாய் ஓடுகிறது, ஆழமாகப் போனால் ரத்தம் வரும், அனுபவமுள்ள கை வேண்டும். அண்ணத்துத் தோலை இழுத்துத் தைப்பது கஷ்டம், திறந்த புண்ணாகவே விட்டு ஆறவைப்பார்கள், இரண்டு மூன்று வாரம் சூடும் காரமும் படுத்தும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்னாடியே சொல்ல வேண்டும். அப்புறம், வீக்கம் நீலமாக இருந்து, அமுக்கினால் வெளுத்து, விட்டால் திரும்ப நிறைந்தால் அது ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்காமல் அதில் கத்தி வைக்கக் கூடாது. பொதுவாகவே பெரிய வீக்கம், எலும்பு சம்பந்தப்பட்டது என்றால் சிடி அல்லது எம்.ஆர்.ஐ.யை பயாப்சிக்கு முன்னால் எடுப்பது உத்தமம், வெட்டிய பிறகு எடுத்தால் வெட்டியதன் வீக்கமும் படத்தில் சேர்ந்துகொள்ளும்.

எலும்புக்குள் இருக்கும்போது ஒரு சின்ன விஷயம். எலும்புத் துண்டை ஸ்லைடு ஆக்க அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்குவார்கள், அதில் டிஎன்ஏ சிதைந்து மரபணுச் சோதனைகள் வேலை செய்யாது. மென்மையான சதைப் பகுதியைத் தனியாகப் பிரித்து அமிலம் படாமல் வைத்தால் தப்பிக்கலாம். பல் பிடுங்கிய குழியில் சந்தேகமான சதை இருந்தால் அதைக் குப்பைக் கூடையில் போடாமல் அனுப்பினாலே போதும், தனியாக ஒரு பயாப்சி மிச்சம்.

## முழுவதும் எடுத்தல்

நெறிக்கட்டிக்கு இதுதான் தங்கத் தரம்: கட்டியை உறையோடு முழுதாக எடுத்தால் என்னைப் போன்றவர்களுக்குக் கேள்வியே இருக்காது. உதட்டிலோ உள்கன்னத்திலோ ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான, விரலுக்கடியில் நழுவுகிற உருண்டை என்றாலும் முழுதாக எடுப்பதே சுலபம், பாதியை விட்டுவைக்க என்ன அவசியம்?

பெரிய அண்ண வீக்கத்தையோ தாடையின் ஒரு பகுதியையோ பெயர் தெரியாமல் எடுத்துவிடுவது வேறு விஷயம். அதை நான் எதிர்க்கிறேன். லிம்ஃபோமா என்று வந்தால் எடுத்தது வீண், எப்படியும் மருந்துதான், ஆனால் அண்ணத்தில் ஓட்டை விழுந்து சாப்பிட்டது மூக்கில் வருகிற பிரச்சினை மட்டும் மிச்சம். செதிள் செல் அல்லது உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் என்று வந்தாலோ, போதுமான விளிம்பு விடாமல் எடுத்திருப்பார்கள், எல்லை எங்கே இருந்தது என்றும் இனிமேல் தெரியாது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

## வகையைப் பொறுத்துப் பதில் மாறும் இடங்கள்

வாயில் அதிகம் காணப்படுவது பரவலான பெரிய பி செல் லிம்ஃபோமா (பி செல், டி செல் என்பவை நிணச் செல்லின் வகைகள்). அதற்கு நல்ல துண்டு ஒன்றும் வழக்கமான சாயச் சோதனைகளும் போதும். அரியவைதான் ஆட்டம் காட்டும்.

மூக்குப் பக்கத்திலிருந்து அண்ணத்தின் நடுக்கோட்டை அரித்துக்கொண்டு இறங்கும் என்கே/டி செல் லிம்ஃபோமா என்று ஒன்று, எப்ஸ்டீன்-பார் வைரஸோடு சேர்ந்தது. ரத்தக்குழாய்களைத் தாக்குவதால் திசு பெருமளவு செத்துப்போய்க் கிடக்கும், முதல் பயாப்சியில் வெறும் செத்த திசு என்று வருவது சர்வசாதாரணம். இங்கே ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பவே கூடாது, பல இடங்களில் ஆழமாக, தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து மூக்கு வழியாகவும் எடுக்க வேண்டிவரும். இதே மாதிரி அண்ணம் கறுத்து அழுகுகிற பூஞ்சை நோயும் இருக்கிறது, முக்கியமாகச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு. அது மணிக்கணக்கில் பரவுகிற அவசரம், அன்றைக்கே திசு எடுத்துப் பூஞ்சைக்கும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்ஃபோமா 1997-இல் எச்.ஐ.வி. உள்ளவர்களின் வாயில் வருவதாகத்தான் முதலில் விவரிக்கப்பட்டது, இன்றைக்கும் ஈறும் அண்ணமும் அதற்குப் பிடித்த இடங்கள், எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கும் வருகிறது. பி செல் வகையைச் சேர்ந்ததாக இருந்தும் பி செல்லின் அடையாள அட்டையான சிடி20 இதில் பொதுவாக இருக்காது. ஒரு லேபில் சிடி20, டி செல்லுக்கான சிடி3, மேல்தோல் செல்லுக்கான கெரட்டின் என்று மூன்று சாயம் மட்டும் போட்டுப் பார்த்தால் மூன்றும் நெகட்டிவ், "வகை தெரியாத புற்றுநோய்" என்று ரிப்போர்ட் போய்விடும். பிளாஸ்மா செல்லின் அடையாளங்களான சிடி138, மம்1, எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான இபர் சோதனை எல்லாம் போட்டால்தான் முகம் தெரியும். ஆக இங்கே தேர்வு ஊசியா கத்தியா என்பதைவிட எந்த லேப் என்பதுதான்.

பர்கிட் லிம்ஃபோமா குழந்தைகளின் தாடையில் வந்ததை உகாண்டாவில் டெனிஸ் பர்கிட் 1958-இல் எழுதினார். ஒன்று இரண்டு நாளில் இரட்டிப்பாகக்கூடிய வேகம் அதற்கு. ஒரு குழந்தைக்குப் பல பற்கள் ஒரே நேரத்தில் ஆடி, தாடை நாளுக்கு நாள் வீங்குகிறது என்றால் மற்ற வகைகளுக்கு நான் சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது, எந்த வழியில் திசு சீக்கிரம் கிடைக்குமோ அந்த வழி, ஊசியானாலும் சரி, அதுவும் குழந்தைப் புற்றுநோய் பார்க்கிற மருத்துவமனையில்.

மால்ட் லிம்ஃபோமா நேர் எதிர். வாயும் கண்ணும் வறண்டுபோகிற ஷோக்ரன் நோய் உள்ளவர்களுக்கு வருஷக்கணக்கில் மெதுவாக வரும். அவசரம் இல்லை, ஆனால் அழற்சியா லிம்ஃபோமாவா என்று பிரிப்பது கஷ்டம், சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பல உருண்டைகளாக, தாராளமாக எடுத்தால் நல்லது.

கடைசியாக நான் கொஞ்சம் அக்கறையோடு சொல்ல விரும்புவது, எப்ஸ்டீன்-பார் வைரஸ் சார்ந்த சளிச்சவ்வுப் புண். 2010-இல்தான் தனி நோயாகப் பெயர் வைத்தார்கள். வட்டமாக, வெட்டினாற்போல் எல்லையுள்ள ஒரே ஒரு புண், வயதானவர்களுக்கோ, மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கோ வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பயங்கரமாக இருக்கும், ஹாட்ஜ்கின் என்கிற லிம்ஃபோமாவின் செல் போலவே பெரிய செல்கள். ஆனால் அந்த மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பலருக்குத் தானாகவே ஆறிவிடும். என் கைக்கு வருகிற படிவத்தில் "நாக்கில் புண்" என்று இரண்டு வார்த்தை மட்டும் இருந்தால் நான் ஆக்ரோஷமான லிம்ஃபோமா என்று எழுதக்கூடும், கீமோ தொடங்கக்கூடும். சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியல் படிவத்தில் இருக்கிறதா என்று நோயாளியே ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

## பாட்டில்: ஃபார்மலினா, உப்புத் தண்ணீரா?

இது யாரும் நோயாளியிடம் கேட்பதில்லை, ஆனாலும் கேட்க வேண்டிய தேர்வு. ஃபார்மலின் என்கிற பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் அமைப்பு காப்பாற்றப்படும், சாயச் சோதனைகள் செய்யலாம், ஃபிஷ் என்கிற மரபணுச் சோதனையும் செய்யலாம், ஆனால் ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்ய முடியாது. உப்புத் தண்ணீரில் ஈரமாக அனுப்பினால் ஃப்ளோ செய்யலாம், ஆனால் அன்றைக்கே லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் செல்கள் கெட்டுவிடும்.

இரண்டு துண்டு கிடைத்தால் இரண்டு பாட்டில். ஒரே ஒரு சின்னத் துண்டுதான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஃபார்மலின். காசநோயோ பூஞ்சையோ சந்தேகம் இருந்தால் ஃபார்மலின் படாத மூன்றாவது துண்டு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு. ஃபார்மலின் துண்டைப் போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும், அடியில் கொஞ்சம் ஊற்றி அதில் பாதி முங்கின துண்டும் எனக்கு வந்திருக்கிறது, முங்காத பாதி அழுகியிருந்தது.

## ரிப்போர்ட் தெளிவில்லாமல் வந்தால்

"அசாதாரண நிணச் செல் கூட்டம், லிம்ஃபோமாவைத் தவிர்க்க இயலவில்லை" என்று வந்தால் அது நல்ல செய்தி இல்லை, கெட்ட செய்தியும் இல்லை, முடிவு வரவில்லை என்று அர்த்தம். இங்கே மூன்று வழி: இருக்கிற திசுவையே இன்னொரு இடத்தில் காட்டுவது, திரும்ப எடுப்பது, பார்த்துக்கொண்டிருப்பது.

முதல் துண்டு பெரியது, நசுங்கவில்லை, சாயங்கள்தான் போதவில்லை என்றால் நிணநீர்ப் புற்றுநோய்களையே பார்க்கிற நோயியல் நிபுணரிடம் அனுப்பினாலே வேலை முடியும், வாயை மறுபடி வெட்ட வேண்டாம். ரிப்போர்ட்டில் "நசுங்கியது", "மேலோட்டமானது", "செத்த திசு" என்று இருந்தால் எத்தனை நிபுணரிடம் அனுப்பினாலும் இல்லாததை யாரும் பார்க்க முடியாது, திரும்ப எடுப்பதுதான் வழி. பார்த்துக்கொண்டிருப்பது, புண் சுருங்குகிறது என்றால் மட்டும். நாக்கில் பல் உரசி வருகிற, ஈயோசினோஃபில் என்கிற வெள்ளணுக்கள் நிறைந்த ஒரு வகைப் புண் லிம்ஃபோமா மாதிரியே பயமுறுத்தும், பயாப்சி எடுத்த பிறகு அடிக்கடி தானே ஆறிவிடும். ஆனால் ஆறுகிறது என்பதை வீட்டில் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யாமல், சில வாரத்தில் அதே டாக்டர் அளவெடுத்துப் பார்க்க வேண்டும்.

உறுதியான பெயர் வந்த பிறகுதான் பெட் ஸ்கேன், எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி (ஹெபடைடிஸ் பி) வைரஸ், ரத்தத்தில் எல்.டி.எச். என்கிற நொதியின் அளவு, தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜை என்று அடுத்த கட்டம். பி வைரஸ் சோதனையை விட்டுவிடக் கூடாது, லிம்ஃபோமா மருந்தான ரிட்டுக்ஸிமாப் கொடுத்தால் தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸ் எழுந்துவிடலாம்.

இன்னொரு இடத்தில் காட்டப் போகிறவர்கள் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சாயம் போட்ட ஸ்லைடுகளையும், அவை வெட்டப்பட்ட மெழுகுக் கட்டியையும் லேபில் கேட்டு வாங்குங்கள், அதைப் பிளாக் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஸ்லைடு மட்டும் இருந்தால் அடுத்த நிபுணர் அதே சாயத்தைத்தான் திரும்பப் பார்க்க முடியும், பிளாக் இருந்தால் புதிதாக வெட்டி விடுபட்ட சாயங்களைப் போடலாம். கையில் எடுத்துப் போகும்போது வெயிலில் நிற்கிற வண்டிக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.